சித்தப்பாவின் மணிக்கூட்டுக்கு ஒரு வார்

மணிக்கூடு ஓடுகிறது. உள்ளே துப்புரவாக்கி எண்ணெய் விட்டாயிற்று. கீறல் விழுந்து மங்கிக் கிடந்த கண்ணாடியையும் மாற்றியாயிற்று. கையில் எடுத்து மெல்ல ஆட்டினால் விநாடி முள் புறப்பட்டுவிடுகிறது. ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போக மனம் வரவில்லை. அதற்கு என்ன வார் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. டென்மார்க்கின் ஒடென்சேயில் எனக்குத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கடைக்குள் நுழைந்து, ஒன்றைச் சுட்டிக்காட்டி, காசைக் கொடுத்துவிட்டு வருகிற காரியம். ஒரு துண்டுத் தோல், ஒரு பக்கிள், இரண்டு ஸ்பிரிங் பின்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு வாரையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஏதோ ஒன்றை யாரிடமிருந்தோ பறிக்கிறேன் என்ற உறுத்தல் வருகிறது. மணிக்கூட்டிடமிருந்தா, அதைக் கட்டியிருந்தவரிடமிருந்தா, என் கையிடமிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாத உறுத்தல்.

மணிக்கூடு சித்தப்பாவுடையது. சீக்கோ 5, கை அசைவில் தானாகச் சாவி ஏறுகிற வகை. பின்மூடியில் உள்ள இலக்கம் 4N என்று தொடங்குகிறது. அந்தக் காலத்து சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். உள்ளே இருப்பது 7009 வகை இயந்திரம் என்பதால் 1984 நவம்பர் என்று கணக்கு வருகிறது. கிழமையை ஆங்கிலத்திலும் வைக்கலாம், அரபியிலும் வைக்கலாம். வளைகுடா நாடுகளுக்கென்று வந்தது. சித்தப்பா ஜித்தாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கினார். சவூதிக்குப் போய்வந்தவரை அப்போது யாழ்ப்பாணத்தில் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்: வெள்ளி நிற முகம், அகலச் செயின், கையை உயர்த்தும்போது அது முழங்கைப் பக்கம் சரிகிற சத்தம். அந்தச் செயினோடுதான் அவர் கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். அதோடுதான் ஒடென்சேயில் ஓய்வுபெறும்வரை வேலைக்குப் போனார். இப்போது மணிக்கட்டு வீங்கிப்போனதில் கட்ட முடியாமல் என்னிடம் தந்துவிட்டார்.

பழைய மணிக்கூடுகளைச் சேர்ப்பவர்களிடம் ஒரு நெறி இருக்கிறது. எந்தச் செயினோடு தொழிற்சாலையை விட்டு வந்ததோ, அந்தச் செயினோடே அது இருக்கவேண்டும். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஜெனீவாவில் 1835இல் தொடங்கிய கே ஃப்ரேர் பட்டறை, ரோலெக்ஸ் முதலான கம்பனிகளுக்குச் செய்துகொடுத்த செயின்களின் கொளுக்கிக்குள், எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் செய்தது என்று சின்ன இலக்கம் அடித்துவைத்திருக்கும். மணிக்கூட்டின் வயதும் செயினின் வயதும் ஒத்துப்போவதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் பூரிப்பவர்களை எனக்குப் புரிகிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தவறவிடாமல் இத்தனை வருடம் வந்திருக்கின்றன என்பது பெரிய விஷயம்தான். அந்த எண்ணத்தோடுதான் நானும் செயினைத் திருத்தக் கொடுத்தேன். நகரின் நடுவே மணிக்கூடு திருத்துகிற முதியவர் ஒருவர் கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு, செயினின் நுனித்துண்டைத் திருப்பிக் காட்டினார். மணிக்கூட்டின் உடலோடு பொருந்துகிற அந்த வளைவில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. யாரோ கையால் அராவிப் பொருத்தியிருக்கிறார்கள். கொளுக்கிக்குள் எந்தப் பெயரும் இல்லை. தகட்டை மடித்துச் செய்த மெல்லிய கண்ணிகள். கிடையாகப் பிடித்தால் நடுவில் தொய்ந்தன. சித்தப்பாவிடம் கேட்டேன். "ஓம் பிள்ளை, முதல் செயின் ஜித்தாவிலையே அறுந்துபோச்சு. றோட்டுக்கரையில ஒருத்தன் மாத்திப் போட்டுத் தந்தவன்" என்றார். நாற்பது வருடமாக எங்கள் குடும்பமே சித்தப்பாவின் மணிக்கூடு என்று நினைத்துக்கொண்டிருந்த உருவத்தில் பாதி, ஜித்தாத் தெருவோரத்தில் பெயர் தெரியாத ஒருவர் அராவிப் பொருத்தியது.

இது தெரிந்தபோது எனக்கு விடுதலை கிடைத்திருக்கவேண்டும். முதல் செயினே போய்விட்டது. இனி எதைப் போட்டால் என்ன? ஆனால் நடந்தது வேறு. சித்தப்பா ஒரு பழைய ஃபிலிம் ரோல் டப்பாவைத் தேடிக் கொண்டுவந்து தந்தார். உள்ளே அந்தச் செயினிலிருந்து கழற்றிய கண்ணிகள். டென்மார்க் வந்த புதிதில் உடம்பு வற்றியதாம். மணிக்கூடு கையில் நிற்காமல் சுற்றியதாம். கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தாராம். அவர் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் கதைப்பவர் இல்லை. 1987இல் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்களை அழைப்பதற்கான விண்ணப்பங்களைப் பார்க்காமல் கிடப்பில் போடச் செய்தார். சட்டம் அந்த உரிமையைத் தந்திருந்தது. அலுவலகம் அதைத் தரவில்லை. அந்த விவகாரத்தின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும் பிரதமர் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சரை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் அரசியல் வரலாற்றில் அதற்குத் தமிழர் வழக்கு என்றே பெயர். சித்தியின் விண்ணப்பமும் அந்தக் கிடப்பில் கிடந்த ஒன்று. சித்தி வந்து சேர்ந்த பிறகு கழற்றிய கண்ணிகளில் சில திரும்பச் செயினுக்குள் போயின. மிச்சம்தான் டப்பாவில். மணிக்கூட்டின் முகத்தைப் பார்த்து இதில் ஒன்றையும் அறிய முடியாது. அது அந்த வருடங்களிலும் இதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். மெலிந்ததையும் தேறியதையும் கணக்கு வைத்திருந்தது, மலிவான அந்தச் செயின்தான்.

அப்படியானால் செயினையே கட்டிக்கொள் என்று மனம் சொல்கிறது. தோல் கேட்கவில்லை. சின்ன வயதில் காது குத்தி கவரிங் தோடு போட்டதில் வந்த வினை. நிக்கல் கலந்த எது பட்டாலும் எனக்குச் சிவந்து, தடித்து, நீர் கோத்துவிடும். ஜீன்ஸ் பொத்தானின் அளவில் தொப்புளுக்குக் கீழே ஒரு வட்டம் பல வருடம் இருந்தது. இந்த ஒவ்வாமையைச் சட்டத்தால் அணுகிய முதல் நாடு டென்மார்க் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். தோலோடு ஒட்டியிருக்கும் தோடு, பொத்தான், பக்கிள், மணிக்கூட்டுச் செயின் ஆகியவற்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று 1990இல் விதித்தார்கள். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையே தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. அதன் பிறகு காது குத்திக்கொண்ட டேனிஷ் சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை தெளிவாகக் குறைந்தது. அந்த விதியில் எனக்குப் பிடித்தது, உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று அது கேட்கவில்லை என்பதுதான். நல்ல துருப்பிடிக்காத உருக்கில் பத்து வீதத்துக்கு மேல்கூட நிக்கல் இருக்கும், ஆனால் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். தோலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மட்டுமே சட்டம் கேட்டது. வீட்டிலேயே சோதிக்கலாம். டைமெத்தில்கிளையொக்சிம் கரைசலும் அமோனியாவும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, உலோகத்தின் மேல் அரை நிமிடம் தேய்க்கவேண்டும். நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். மணிக்கூட்டின் பின்மூடியில் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கண்ணிகளில் தேய்த்தேன், அழுக்குக் கறுப்பு மட்டும் ஒட்டியது. கொளுக்கியின் உட்பக்கம், மணிக்கட்டின் நரம்பு மேல் படுகிற இடத்தில், பஞ்சின் நுனி செம்பருத்திச் சாறு பட்டதுபோல் ஊறிச் சிவந்தது. தெருவோரத்தில் அராவிப் போட்டவரை இதற்குக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் கையில் நாற்பது வருடம் ஒரு தொந்தரவும் தராமல் இருந்த செயின் அது.

அப்படியென்றால் தோல் வார் போடலாம் என்றேன். சித்தப்பா உடனே மறுத்துத் தலையாட்டினார். "உதுக்குத் தோல் வார் போடாதை பிள்ளை. வேர்வையில ஊறி நாறிப்போம். ரெண்டு மாசத்தில பிஞ்சிடும்." "இஞ்ச ஆருக்குச் சித்தப்பா வேர்க்குது?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். நாற்பது வருடம் ஒடென்சேயில் இருந்தும் அவருடைய மணிக்கட்டு யாழ்ப்பாணத்திலும் ஜித்தாவிலும்தான் இருந்திருக்கிறது. வெப்ப நாடுகளில் உருக்குச் செயின் கொடிகட்டிப் பறந்ததற்கு ஆடம்பரம் மட்டும் காரணமில்லை. வியர்வையின் உப்பும் ஈரமும் தோலைப் பிளக்கும். தையல் நூலை அறுக்கும். பின் நுழையும் மடிப்பு முதலில் உக்கும். செயினை இரவில் கழற்றிச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிடலாம். இங்கே நிலைமை தலைகீழ். ஜனவரி விடியலில் சைக்கிளில் போகும்போது உருக்குச் செயின் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் குளிரை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். உள்ளே வந்து வெகுநேரம் கழித்தும் விடாது. கம்பளி ஸ்வெட்டரின் நூலை அதன் கண்ணி பிடித்து இழுக்கும். தோல் வார் பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. மணிக்கூட்டின் இயந்திரம் ஜித்தாவுக்கும் ஒடென்சேக்கும் பெரிய வேறுபாடு காட்டாமல் ஓடும். எந்த ஊரில், எந்தப் பருவத்தில், யாருடைய கையில் என்பதற்கெல்லாம் முகம் கொடுப்பது வார்தான். அதைப்போய் எது முதலில் வந்தது என்ற ஒரே கேள்வியால் தீர்மானிக்கப் பார்க்கிறோம்.

தோல் என்று முடிவெடுத்ததும் எந்தத் தோல் என்ற கேள்வி வந்து நின்றது. இந்த இடத்தில்தான் என் நிம்மதி உண்மையாகவே கெட்டது. உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிடப்படுவது. அந்தக் குரோமியம் சில வேளைகளில் ஆறு இணைதிறனுள்ள, தோலை உறுத்துகிற வடிவத்துக்கு மாறிவிடும். அதற்கும் எல்லை கட்டச் சொல்லி ஐரோப்பாவிடம் 2012இல் முன்மொழிவு வைத்தது டென்மார்க்தான். 2015 மே முதல் தோலோடு படும் தோற்பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. என் மணிக்கட்டுக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தத் தோல் பதனிடப்பட்ட இடத்தில் என்ன காவல் இருந்தது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வழியாகப் போகும் பாலாற்றின் கரையில் கிணறுகள் உப்பாகின. தோலாலைகள் சூழ்ந்த நிலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் பயிருக்கு ஓரளவோ முழுதாகவோ உதவாமல் போனது என்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிந்திருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லீட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அதே தீர்ப்பில் உண்டு. தோலாலைகளுக்கு விதித்த அபராதம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய். அந்தத் தீர்ப்புக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் பெரிய இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. என்றாலும் வாங்குகிறவரின் தோலுக்கு மில்லிகிராமில் கணக்கு, செய்கிறவரின் கிணற்றுக்கு வருடக்கணக்கில் வழக்கு என்ற இந்த ஏற்பாட்டை வார் பார்க்கப் போன கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னே நின்று என்னால் மறக்க முடியவில்லை. வாரின் உட்புறம் எந்த நாட்டில் தைத்தது என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தது. எங்கே பதனிட்டது என்று கேட்டேன். கடைப்பெண் வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பட்டியலைத் திறந்து பார்த்தாள், உண்மையான வருத்தத்தோடு தெரியாது என்றாள்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் பதனிடும் வழி தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. திருச்சி, திண்டுக்கல் பக்கம் அதைத்தான் செய்தார்கள். கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அது உலகமெல்லாம் போயிற்று. 2008இல் புவிசார் குறியீடும் பெற்றது. பின்னாளில் பட்டைக்குப் பதில் இறக்குமதியான வாட்டில் சாறு வந்தது. அதையும் குரோமியத்தின் வேகம் ஓரம் தள்ளியது. பட்டைத் தோலிலும் ஆற்றுக்குக் கேடு இல்லாமல் இல்லை, உப்பும் கழிவும் அதிலும் உண்டு. ஆனாலும் என் தேடல் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறது. சாயமிடாத பட்டைத்தோல் வார் ஒன்றை மணிக்கூடு திருத்துகிற முதியவர் எடுத்துக் காட்டினார். வெளிறிய பிஸ்கட் நிறம். முகர்ந்து பார்த்தேன், ஈர விறகின் வாசம், அடியில் லேசாகக் கசப்பு. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது, விரலால் தேய்த்தால் அந்தக் கோடு பாதி மறைந்தது. வெயிலிலும் கையின் எண்ணெயிலும் இது கறுத்துக்கொண்டே போகும், ஒரு கோடை போதும் என்றார். எங்கே பதனிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே இல்லை, திண்டுக்கல்லும் இல்லை.

ஒடென்சேயில் பழம்பொருள் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படுவது மெல்லிய, தங்கமுலாம் பூசிய சிறிய மணிக்கூடுகள். பதினான்கு வயதளவில் நடக்கும் உறுதிபூசுதலுக்கு மணிக்கூடு பரிசளிப்பது டேனிஷ் குடும்பங்களில் பழைய வழக்கம். பின்மூடியில் பெயரெழுத்தும் தேதியும் பொறித்திருக்கும். பெரும்பாலும் வார் இருக்காது. ஒரே ஒரு தடவை வாரோடு ஒன்றைப் பார்த்தேன். உள்ளோரத்து ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெடிப்பு, அடுத்ததில் கொஞ்சம் அதிகம், கடைசிக்கு முந்திய ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டு அதன் குறுக்கே பக்கிளின் கறுத்த பள்ளம். ஒரு பிள்ளையின் கை வளர்ந்தது அப்படியே தெரிந்தது. விற்றவர் அதைக் கிழிந்த வார் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி, விலையில் கொஞ்சம் குறைத்தார். நான் வாங்கவில்லை. அந்தக் கை யாருடையது என்பது எனக்குச் சொந்தமான தகவலாகத் தோன்றவில்லை.

இந்த ஊரில் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனுக்கு இங்குள்ள புனித குனூட் தேவாலயத்தில் 1819இல் உறுதிபூசுதல் நடந்தது. அப்பா செருப்புத் தைப்பவர்; மூன்று வருடம் முன்னே இறந்துவிட்டார். இறந்த அப்பாவின் மேலங்கியை ஒரு வயதான தையற்காரி வெட்டிச் சுருக்கிப் பையனுக்கு உடுப்பாக்கித் தந்ததையும், வாழ்க்கையில் முதன்முதலாகப் பூட்ஸ் சப்பாத்து கிடைத்து, எல்லோரும் பார்க்கவேண்டுமென்று அதைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்குள் நடந்ததையும், அது கீச்சிட்டபோது புதிது என்று எல்லோருக்கும் கேட்குமே என்று மகிழ்ந்ததையும் தன் வாழ்க்கைக் கதையில் அவர் எழுதியிருக்கிறார். படித்த நாளிலிருந்து அந்தச் சப்பாத்தைவிட மேலங்கியே என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அந்தத் தையற்காரி கத்தரிக்கோலை வைத்தபோது யோசித்தாளா? அப்பாவின் தோள் அகலம் அங்கே முடிந்தது, பிள்ளையின் தோள் தொடங்கியது. வெட்டாமல் பெட்டியில் வைத்திருந்தால் இன்று அது ஒரு நூதனசாலைப் பொருளாக இருந்திருக்கும். அந்தப் பையன் பழைய கந்தையோடு தேவாலயத்துக்குப் போயிருப்பான். செயினை வெட்டவேண்டிய கட்டாயம்கூட எனக்கு இல்லை. ஸ்பிரிங் பின்னை அழுத்தினால் கழன்றுவிடும், பழையபடி மாட்டிவிடலாம். அவ்வளவு எளிதாக மீளக்கூடிய காரியத்துக்கு இவ்வளவு தயங்குகிறேன் என்றால், நான் காப்பாற்ற நினைப்பது செயினைத்தானா என்று சந்தேகம் வருகிறது. சித்தப்பாவின் கையில் பார்த்த அந்த முழு உருவம் கலைவதைத்தான் தாங்கமுடியவில்லை போலும். ஆனால் அது மணிக்கூட்டை என்னிடம் தந்த அன்றே கலைந்துவிட்டது.

மற்ற வகைகளைப் பார்க்காமல் இல்லை. உருக்குக் கம்பியில் பின்னிய வலைப்பட்டி டேனிஷ் பாணி மணிக்கூடுகளோடு சேர்ந்தே நினைவில் நிற்பது. என் தோலுக்கு மறுபடியும் அதே உலோகம். ரப்பர் வகைகளில் விலைகூடிய ஃபுளோரின் கலந்தவை சிலவற்றில் உடம்பை விட்டு எளிதில் போகாத இரசாயனங்கள் இருப்பதாக 2024இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்ன பிறகு கையில் எடுக்கவே தோன்றவில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காலிடை அகலத்தை, அதாவது வார் நுழையும் இடைவெளியை, வெர்னியர் கலிப்பரால் அளந்துவிட்டுப் போங்கள். என்னுடையது 18 மில்லிமீட்டர். 19 என்றும் 17 என்றும் வருகிற பழையவை உண்டு. கண்ணளவில் வாங்கினால் ஒன்றில் நுழையாது, இல்லாவிட்டால் இருபுறமும் பின் தெரியும். கடைகளில் கிடைக்கும் வாரின் நீளம் பொதுவாக ஒரு பக்கம் 115, மறுபக்கம் 75 என்ற கணக்கில் ஆண் கையை நினைத்து வெட்டியது. என் கையில் அதன் வால் சுற்றி வந்து மணிக்கட்டின் மறுபுறத்தில் துருத்திக்கொண்டிருந்தது. பக்கிள் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஏறியது. முதியவர் குட்டையான ஒன்றை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். பெண்களுக்கான குட்டை வார்கள் பெரும்பாலும் 14 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகின்றன என்றும், இப்போது அப்பாக்களின், மாமாக்களின் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு நிறையப் பெண்கள் வருகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் பட்டைத்தோல் வாரைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். பக்கிளுக்கு டைட்டேனியம் கேட்டிருக்கிறேன், நிக்கல் இல்லாதது. செயினைக் கழுவித் துடைத்து, டப்பாவிலிருந்த கண்ணிகளோடு ஒரே பையில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பித் தந்துவிட்டார். "நல்லூர்த் திருவிழாவுக்குப் போறனெண்டாய். அங்க போகேக்க செயினைப் போட்டுக்கொண்டு போ. தோல் வார் அந்த வேர்வைக்கு நிக்காது" என்றார். அவர் சொல்வது சரி. ஆனால் உலோகத்திலிருந்து நிக்கலைக் கரைத்து வெளியே கொண்டுவருவது வியர்வைதான். ஆவணி வெயிலில், தேர் வீதி மணலில் நிற்கும்போது அந்தக் கொளுக்கி என் கையை என்ன செய்யும் என்பது பஞ்சுக் குச்சியிலேயே தெரிந்துவிட்டது. நைலோன் பட்டி ஒன்று இருக்கிறது. 1973இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு தன் படையினருக்கென்று வகுத்த சாம்பல் நிற முரட்டுப் பட்டி. ஒரே நீளத் துண்டாக மணிக்கூட்டின் அடியால் ஓடுவதால் பின்மூடிகூடத் தோலில் படாது. வியர்த்தால் அலசிக் கொடியில் போட்டுவிடலாம், பக்கிளை மாற்றிவிட்டால் எனக்கும் ஒத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில், இராணுவத்துக்கென்று வகுத்த பட்டியில் சித்தப்பாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு திரிவது எப்படி இருக்கும் என்பதை மட்டும் இன்னும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.